டயருக்குள் ஆரஞ்சு வாசனை

இன்று பஞ்சர் கடையில் என் பைக்கின் பழைய டயரைக் கழற்றிச் சுவரோரம் வீசினார் அண்ணன். மொட்டையாகத் தேய்ந்திருந்தது, ஓரத்தில் கம்பி வேறு எட்டிப் பார்த்தது. "இதுல இருந்து சென்ட்டுக்கு மூலப்பொருள் எடுக்கலாம்ணே" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இயற்கை ரப்பர் என்பது ஐசோப்ரீன் என்ற 5 கார்பன் கண்ணிகளைக் கோத்த நீளச் சங்கிலி. காற்று புகாமல் 400, 500 டிகிரி வரை சூடாக்கினால் சங்கிலி அறுந்து, கண்ணிகள் இரண்டிரண்டாக ஒட்டி லிமோனீன் ஆகின்றன. ஆரஞ்சுத் தோலை மடக்கினால் கண்ணில் சுரீரென்று தெறிக்குமே, அதே சரக்கு! லாரி டயரில் இயற்கை ரப்பர் அதிகம் என்பதால் இதுவும் கூடுதலாகக் கிடைக்கும். சூடு மிஞ்சினால் லிமோனீனும் சிதைந்துவிடும்.

அப்புறம்தான் வினையூக்கியின், அதாவது தான் தீராமல் வினையை வேகப்படுத்தும் பொருளின், வேலை. லிமோனீனில் அமில வினையூக்கியோடு தண்ணீர் சேர்த்தால் லைலாக் பூ மணமுள்ள ஆல்ஃபா டெர்பினியால். பல்லேடியம் என்ற உலோகத்தின் மேல் லிமோனீனிலிருந்து ஹைட்ரஜனைக் கழற்றினால் பாரா சைமீன். சோப்புத் தூளில் வரும் செயற்கைக் கஸ்தூரி வாசனை ஒன்றுக்கு இதுதான் தொடக்கப் பொருள்.

சிக்கல் கந்தகம். ரப்பரை இறுக வைக்கச் சேர்த்தது, டயரைச் சூடாக்கிக் கிடைக்கும் எண்ணெயிலும் வந்து நாறும், பல்லேடியத்தையும் முடக்கிவிடும். லிமோனீன் 176 டிகிரியில் கொதிக்கும். அதையொட்டிக் கொதிக்கும் சரக்குகள் ஏகப்பட்டவை இருப்பதால் வடித்துப் பிரிப்பதும் லேசில்லை. என்னைக் கேட்டால் வினையூக்கியைவிட இந்தச் சுத்திகரிப்புதான் பெரிய தலைவலி.

அண்ணன் எல்லாம் கேட்டுவிட்டு, டயரை மோந்து பார்த்தார். "ஒண்ணும் வரலையே தம்பி."