புது ரேம் போட்டதும் திரை கறுத்தால் பவர் பட்டனைத் தொடாதீர்கள்

மகளின் லேப்டாப்பில் ரேமை, அதாவது மெமரியை, கூட்டி முடிக்க எனக்கு 11 நாள் ஆயிற்று. அடிமூடியைக் கழற்றி, ரேமை மாட்டி, மறுபடி மூடுவது 20 நிமிட வேலை. மீதி நாளெல்லாம் எங்கே போயிற்று என்று எழுதுகிறேன். இன்னொருவர் இப்படி அலையக் கூடாது.

அவள் பாலிடெக்னிக்கில் கடைசி வருடம். வீடியோ எடிட்டிங் ப்ராஜெக்ட் கையில் இருக்கிறது, லேப்டாப்பில் இருப்பதோ 8 ஜிபி. உள்ளே ரேம் மாட்டும் ஸ்லாட் ஒன்று காலி என்று தெரிந்ததும் ஒரு 16 ஜிபி வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் மாடல் எண்ணைக் காட்டினேன். கடைக்காரர் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாம் ஒன்றுதான், போட்டால் போகும்" என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். 55 சிங்கப்பூர் வெள்ளி. வீட்டுக்கு வந்து பிரித்து ஸ்லாட்டில் வைத்தால் உட்காரவே இல்லை. பழைய ரேமைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீளம் ஒன்றுதான். ஆனால் தங்க நிறப் பற்களுக்கு நடுவே இருக்கும் வெட்டு, இரண்டிலும் வேறு வேறு இடத்தில் இருந்தது. எங்கள் லேப்டாப்புக்கு வேண்டியது டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை ரேம், அவர் கொடுத்தது அதற்கு முந்தைய டிடிஆர்4. நல்லவேளை, அழுத்தித் திணிக்கவில்லை. திணித்திருந்தால் ஸ்லாட் போயிருக்கும். பிரித்த பொருளை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

இதற்கு முன்னாலேயே பார்த்திருக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸில் மெமரியைத் தொட்டால், எத்தனை ஸ்லாட், எவ்வளவு வேகம் எல்லாம் வரும். எங்களுடையதில் வேகம் 4800 என்று இருந்தது. டிடிஆர்4 லேப்டாப்களில் பெரும்பாலும் 2400, 2666, 3200 இப்படித்தான் இருக்கும். அதை வைத்தே எங்களுடையது டிடிஆர்5 என்று தெரிந்திருக்கும். ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் 'எஸ்ஓடிஐஎம்எம்' என்று இருந்தால் கழற்றி மாட்டலாம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் அந்த ரேம் மதர்போர்டோடு, அதாவது உள்ளே இருக்கும் முக்கியச் சர்க்யூட் பலகையோடு, ஒட்டியது, கழற்ற முடியாது. கடைக்குப் போகுமுன் இந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

சரியான டிடிஆர்5 வாங்கினேன். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ரேமைச் சாய்த்துச் செருகி, கீழே அழுத்தினேன். இரண்டு பக்கக் கொக்கியும் டக்கென்று விழுந்தன. பவரைப் போட்டால் விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. அரை நிமிடம் பார்த்துவிட்டு, பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். மறுபடி போட்டேன். மறுபடி கறுப்பு. ஸ்லாட்டை மாற்றினேன், புதியதை மட்டும் தனியாகப் போட்டேன். ஒவ்வொரு முறையும் அரை நிமிடம், அப்புறம் அணைப்பு. கடைசியில் பழையதை மட்டும் மாட்டி, பட்டனைத் தட்டிவிட்டு, மனம் வெறுத்துச் சமையலறைக்குப் போனேன். திரும்பி வந்தபோது திரை வந்திருந்தது. அப்படியானால் புது ரேம்தான் கெட்டது என்று முடிவு கட்டினேன்.

விற்ற கடைக்குத் திரும்பப் போனேன். அவர்கள் தங்கள் லேப்டாப்பில் போட்டுக் காட்டினார்கள், ஓடியது. அடுத்துப் போன பழுதுபார்க்கும் இடத்தில், லேப்டாப்பைத் திறக்காமலேயே, "மதர்போர்டு போய்விட்டது, 380 வெள்ளி ஆகும்" என்றார்கள். பழைய ரேமோடு நன்றாக ஓடுகிற லேப்டாப்புக்கு மதர்போர்டு எப்படிப் போகும்? பதில் சொல்ல ஆளில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

சனிக்கிழமை யீஷூனிலிருந்து ரயிலேறி, நியூட்டனில் மாறி, ரோச்சோரில் இறங்கி, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்கொயருக்குப் போனேன். அங்கே சின்ன மேசை ஒன்றை வைத்துக்கொண்டு பழுது பார்க்கிற தமிழர் ஒருவர், ஜொகூரிலிருந்து தினமும் வந்து போகிறவர். இரண்டு ரேமையும் மாட்டி, பவரைப் போட்டார். திரை கறுப்பு. பழக்கத்தில் என் கை பட்டனுக்குப் போனது.

"அக்கா, கைய எடுங்க. தொடாதீங்க."

"வராதுண்ணே. பத்து தடவை பார்த்துட்டேன்."

"டிடிஆர்5 புதுசா மாட்டுனா போர்டு அதோட பழகணும்க்கா. எந்த வேகத்துல ஓடும், டைமிங் எவ்ளோன்னு ஒண்ணொண்ணா சோதிச்சுப் பார்க்கும். மெமரி ட்ரெய்னிங்னு சொல்லுவோம். அது முடியிற வரைக்கும் ஸ்க்ரீன்ல ஒண்ணும் வராது. நீங்க நடுவுல அணைச்சா மறுபடி முதல்ல இருந்துதான்."

சமையலறைக்குப் போய்த் திரும்பிய அந்த ஒரு முறை மட்டும் ஏன் திரை வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அந்த ஒரு முறைதான் நான் அதைச் சும்மா விட்டிருந்தேன்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு நிமிடம். இரண்டு. லேப்டாப் தானாகவே ஒரு தடவை அணைந்து எழுந்தது, எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் அசையவில்லை. நான்காவது நிமிடம் திரையில் வெளிச்சம் வந்தது. விண்டோஸுக்கு முன்னால் ஓடும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளின் பக்கத்தைத் திறந்து காட்டினார்: 24 ஜிபி. கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. புதியது 5600 வேகம் என்றாலும், இரண்டும் சேர்ந்து பழையதின் 4800-இல்தான் ஓடும் என்றும் சொன்னார். 10 வெள்ளிதான் வாங்கிக்கொண்டார்.

அடுத்த முறை போட்டபோது திரை வழக்கம்போல உடனே வந்தது. ரேமைக் கழற்றி மாட்டினாலோ பயாஸை அப்டேட் செய்தாலோ மறுபடி அந்தக் கறுப்புத் திரை வரலாம், அப்போது பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார் என்று மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.