சினைச் சுறாவைப் பதிவு செய்யும் வேலை

விசைப்படகு கரை சேர்ந்து மீனைக் கொட்டியதும், எதிரே கிடக்கும் சுறா ஆணா பெண்ணா என்று சொல்ல ஒரு நொடி போதும். இடுப்புத் துடுப்புகளின் உள் ஓரத்தில் இரண்டு குழல்கள் பின்னோக்கி நீண்டிருந்தால் ஆண். அவற்றைத்தான் கிளாஸ்பர் என்கிறோம். அந்த மீன் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிட்டதா என்ற அடுத்த கேள்விதான் சிக்கல். ஏலம் தொடங்குவதற்குள் பத்து, பதினைந்து மீனைப் பார்த்தாக வேண்டும். இந்த அவசரத்தில் புதிதாக வருபவர்கள் ஆண் மீனைச் சரியாக எழுதிவிட்டு, பெண் மீனில் கோட்டை விடுகிறார்கள். குட்டிகளின் கணக்கு முழுவதும் பெண்ணிடம்தான் இருக்கிறது என்பதால் இது சிறிய குறை அல்ல.

ஆணைப் பொறுத்தவரை கண்ணைவிடக் கைதான் நம்பகமானது. இளசில் கிளாஸ்பர் இடுப்புத் துடுப்பின் நுனியைத் தாண்டாது, மடக்கினால் மடங்கும். அடுத்த நிலையில் நீளம் வந்துவிடும், ஆனால் உள்ளே இருக்கும் குருத்தெலும்பில் சுண்ணாம்பு ஏறியிருக்காது. பார்வைக்கு முதிர்ந்ததாகத் தெரியும் இந்த மீன்தான் அதிகம் ஏமாற்றும். முழுதாக முதிர்ந்த ஆணில் அடியிலிருந்து நுனி வரை விறைப்பு இருக்கும். தலைப்பக்கமாகத் திருப்பினால் அடிமூட்டில் தடையின்றிச் சுழலும். நுனியை அழுத்தினால் விரியும். இவை எல்லாம் இருந்தால்தான் ‘முதிர்ந்தது’ என்று எழுத வேண்டும். ஐஸில் கிடந்த மீனில் இளசின் கிளாஸ்பரும் விறைத்து நிற்கும் என்பதால், விறைப்பை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. கொஞ்ச நேரம் கையில் பிடித்துச் சூடேற்றிவிட்டுத் திருப்பிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

திருப்பிப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இணையும்போது ஆண் பெரும்பாலும் ஒரு கிளாஸ்பரை மட்டும் முன்னோக்கி வளைத்து நுழைக்கிறது. விரிந்த நுனி உள்ளே பிடித்துக்கொள்ளும். அடிவயிற்றுத் தோலுக்குக் கீழே உள்ள ஒரு ஜோடிப் பைகளில் கடல்நீரை நிரப்பி, அந்த அழுத்தத்தில் விந்தைத் தள்ளும். சுழலாத கிளாஸ்பர் எவ்வளவு நீளமாக இருந்தும் பயனில்லை.

கிளாஸ்பரின் நீளத்தைப் பொதுப்புழையின் (கழிவும் குட்டியும் வெளியேறும் ஒரே துளை) முன் ஓரத்திலிருந்து நுனி வரை காலிப்பரால் அளந்து மில்லிமீட்டரில் எழுத வேண்டும். சுறாவுக்கு மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை நேர்கோட்டில் மொத்த நீளம். உடல் வளைவின் மேல் டேப்பைப் போட்டு அளந்தால் எண் கூடிவிடும். திருக்கைக்கு உடல் தட்டின் அகலம். முள் குத்திவிடும் என்று படகிலேயே வாலை நறுக்கிவிடுவதால், திருக்கையின் மொத்த நீளத்தை நம்ப முடியாது.

பெண் மீனை வெட்டாமல் எதுவும் தெரியாது. ஆனால் முழு மீனாக ஏலம் போவதைக் கிழிக்க யார் விடுவார்கள்? அதனால் வேலை வெட்டுமிடத்துக்கு நகர்கிறது. வாங்கியவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்: “அண்ணாச்சி, வெட்டும்போது குடலை மொத்தமா ஒரு ஓரத்துல வைங்க, ஈரலுக்கு அடியில இருக்கற பையை மட்டும் கிழிச்சிராதீங்க.” இதற்குச் சம்மதிக்காதவர் குறைவு. நீளம் ஒரு மீனுடையதும் கருப்பை இன்னொன்றுடையதுமாகக் கலந்துவிடுவதுதான் அங்கே நடக்கும் பெரிய குளறுபடி. தண்ணீரில் கரையாத அட்டையில் எண் எழுதி ஒன்றைத் தாடையில் கட்டி, அதே எண்ணைக் குடலோடு போட்டுவிட்டால் தீர்ந்தது.

நாமே வெட்டுவதானால் பொதுப்புழையிலிருந்து மார்பு வரை நடுக்கோட்டில், கத்தியின் கூர் மேல்நோக்கி இருக்கும்படி வெட்ட வேண்டும். நிறைமாதச் சினையில் கருப்பைச் சுவர் மிக மெல்லியது. ஆழமாக இறக்கினால் கத்தி குட்டியில் இறங்கும். ஈரலைத் தூக்கி ஒதுக்கினால் முதுகுப்பக்கம் ஒட்டியபடி இரண்டு சினைக்குழாய்கள் ஓடும். இளம் பெண்ணில் அவை நூல் பருமன். முதிரும்போது குழாயின் முன்பகுதியில் ஒரு தடிப்பு தனியாகப் புடைத்து நிற்கும். முட்டைக்கு உறை சுற்றுவது அந்தச் சுரப்பிதான். பல இனங்களில் ஆணின் விந்தைச் சேமித்து வைப்பதும் அதுவே. அதன் அகலத்தையும், சினைப்பையில் உள்ள மிகப் பெரிய மஞ்சள் முட்டையின் விட்டத்தையும் எழுதினால், பிறகு யார் கேட்டாலும் பதில் சொல்லலாம். ‘பெரிய முட்டை’ என்று எழுதி வைப்பதால் யாருக்கும் உபயோகமில்லை.

ஒரு பக்கம் சினைப்பை இல்லையே என்று பதற வேண்டாம். பால் சுறாவின் குடும்பத்துச் சுறாக்கள் பலவற்றில் ஒரு பக்கச் சினைப்பை, பெரும்பாலும் வலது, மட்டுமே வேலை செய்யும். கொட்டும் திருக்கைகள் பலவற்றில் இடது பக்கம்தான் எல்லாம். வலது கருப்பை சுருங்கியோ செயலற்றோ இருக்கும்.

குட்டி போட்டு முடித்த தாயை இளசு என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டிலும் கருப்பை காலியாக இருப்பதுதான் காரணம். தொட்டுப் பார்த்தால் குழப்பம் இல்லை. இளசின் கருப்பை இறுக்கமான நூல். பெற்றவளுடையது அகன்று, தளர்ந்து, சுருக்கம் விழுந்து, சிவந்திருக்கும்.

சினையாக இருந்தால் இனத்துக்கு இனம் காட்சி வேறு. பிள்ளை பெற்ற வீட்டுக்குத் தேடி வாங்கிப் போகும் பால் சுறாவில், ஒவ்வொரு குட்டியும் தனி அறையில், தொப்புள்கொடி வழியாக நஞ்சுக்கொடியோடு இணைந்திருக்கும். பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து குட்டிகள். திருக்கையின் கருப்பையில் நஞ்சுக்கொடி கிடையாது. உள்சுவரெங்கும் மெல்லிய இழைகள் தொங்கும்; அவை சுரக்கும் கொழுப்புச் சத்துள்ள பால்தான் குட்டிக்கு உணவு. வெளிர்மஞ்சளாக ஒழுகும் அதை அழுகல் என்று நினைத்துக் கழுவி விடுகிறவர்கள் உண்டு. பட்டாம்பூச்சித் திருக்கை வகையில் இந்த இழைகள் குட்டியின் கண்ணுக்குப் பின்னால் உள்ள துளை வழியாக உள்ளே நுழைந்திருப்பதை உட்-மேசனும் ஆல்காக்கும் 1891-லேயே எழுதிவிட்டார்கள். நீள வால் சுறாவிலோ குட்டி, தாய் தொடர்ந்து விடும் முட்டைகளைத் தின்று வளர்கிறது. அதன் உப்பிய வயிறு தின்ற முட்டையின் கரு நிறைந்த இரைப்பை. வெளியே தொங்கும் கருவுணவுப் பை அல்ல.

எந்த இனமானாலும் இடது, வலது கருப்பைக் குட்டிகளைத் தனித்தனியாக எண்ணி, ஒவ்வொன்றின் நீளத்தையும் ஆண்-பெண்ணையும் எழுத வேண்டும். கருவுறாத முட்டை இருந்தால் அதற்கும் ஒரு கட்டம் வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் சராசரிக் குட்டி எண்ணிக்கை தவறாக வரலாம். வலையிலும் தூண்டிலிலும் மாட்டும் அதிர்ச்சியில் தாய் குட்டிகளைத் தள்ளிவிடுகிறது; திருக்கைகளில் இது மிக அதிகம். தாய் ‘காலி’ என்றும், தளத்தில் கிடந்த குட்டிகள் ‘புதிதாகப் பிறந்தவை’ என்றும் இரண்டு பிழைகள் ஒரே நேரத்தில் பதிவாகும். தாயைப் பார்த்தால் பொதுப்புழை விரிந்து சிவந்திருக்கும், கருப்பையில் இரத்தமும் பாலும் மிச்சமிருக்கும். குட்டியைப் பார்த்தால் வயிற்றில் கருவுணவுப் பை ஒட்டியிருக்கும், முள் மென்மையான உறைக்குள் இருக்கும். சுறாக் குட்டியில் மார்புத் துடுப்புகளுக்கு நடுவே தொப்புள் வடுவைத் தேடலாம். அது ஆறத் தொடங்கியிருந்தால் அந்தக் குட்டி கடலில் நீந்தியது. குட்டி தள்ளிய தாயைச் சினை மீன் கணக்கில் சேர்க்கலாம், குட்டிகளின் சராசரியில் சேர்க்கக் கூடாது.

இணைசேரும் காலத்தை அறிய, பெண்ணின் மார்புத் துடுப்பையும் திருக்கையின் பின் ஓரத்தையும் பார்க்க வேண்டும். ஆணுக்குப் பிடித்துக்கொள்ளக் கையில்லை, கடித்துத்தான் பிடிக்கிறது. நீலச் சுறாவில் பெண்ணின் தோல் ஆணுடையதைவிட இரு மடங்குக்கு மேல் தடித்திருப்பது இதற்காகத்தான் என்று கருதப்படுகிறது. பல்தடம் வளைந்த வரிசையாகப் பதியும்; வலைக்கயிறு நேர்க்கோடாக அறுக்கும். பச்சைக் காயமா, ஆறிய வடுவா என்பதையும் சேர்த்து எழுதினால் மாதவாரியாக ஒரு படம் கிடைக்கும். ஆனால் காயம் பட்ட மாதமும் கரு உண்டான மாதமும் ஒன்று என்று எடுத்துக்கொள்வதுதான் பலரும் செய்யும் அவசரம். மீன்காட்சியகம் ஒன்றில் ஆண் துணையின்றி இருந்த பழுப்புப் பட்டை மூங்கில் சுறா, விந்தைச் சேமித்து வைத்து 45 மாதங்களுக்குப் பின் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்திருக்கிறது. வரிக்குதிரைச் சுறா ஆணே இல்லாமல் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்ததும் ஆஸ்திரேலியாவில் பதிவாகியிருக்கிறது.

ரம்பம் போல மூக்கு நீண்ட வேளா மீன் வந்தால் கத்தியை எடுக்கவே கூடாது. அது 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. தகவல் வனத்துறைக்குப் போக வேண்டும்.

அறிக்கைகளில் ‘முதிர்ச்சி நீளம்’ என்று ஓர் எண் வரும். அந்த நீளத்தில் பாதிப் பெண்கள் முதிர்ந்திருக்கின்றன என்று பொருள். பாதிப் பெண்கள் குட்டி போடுகின்றன என்று பொருளல்ல. பின்னது இன்னும் பெரிய நீளம். முதல் எண்ணை வைத்து எவ்வளவு பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டால், கடலில் இல்லாத குட்டிகளை இருப்பதாக எண்ணிவிடுவோம். அதோடு, ஆண்டுதோறும் எல்லா இனமும் ஈனுவதில்லை. இதை அறிய நிறைமாதச் சினை மீனின் சினைப்பையைப் பார்க்க வேண்டும். குட்டிகளோடு கூடவே அடுத்த தொகுதி மஞ்சள் முட்டைகள் பெருத்திருந்தால் அது பெற்ற கையோடு மீண்டும் கருவுறும் இனம். முட்டைகள் சிறுத்து வெளுத்திருந்தால், இடையில் ஒரு வருடம் ஓய்வெடுக்கும் இனமாக இருக்கலாம். குட்டிகளை எண்ணி முடித்த களைப்பில் பலரும் சினைப்பையைத் திறப்பதே இல்லை. பதிவுத்தாளில் சினைப்பைக்கான கட்டத்தைக் குட்டிகளின் கட்டத்துக்கு முன்னால் அச்சிடுவது நல்லது.