ஒரு லைனுக்கு 32 பைட்: கார்டெக்ஸ் எம்7 கேஷ் சோதனை

மூன்று வார இறுதிகள் நியூக்ளியோ எஃப்746 போர்டோடு (கார்டெக்ஸ் எம்7 கோர் கொண்ட மைக்ரோகன்ட்ரோலர் உள்ள சோதனைப் பலகை) போயின. ரேமிலிருந்து எடுத்த தரவைக் கோரின் அருகே வைத்துக்கொள்ளும் சிறிய, வேகமான நினைவகமான டேட்டா கேஷைப் போட்டும் அணைத்தும் ஒரே வேலையைச் செய்யவைத்து, நேரமும் மின்செலவும் எப்படி மாறுகின்றன என்று பார்க்க ஆசை. வேலை எளிது: 64 நிரை, 256 நிரல் கொண்ட ஓர் அணி, உறுப்புக்கு 4 பைட். அதை நிரல் நிரலாகக் கூட்ட வேண்டும்.

முதல் வாரம் வீண். கேஷ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சைக்கிள் (கோரின் கடிகாரத் துடிப்பு) எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். எந்தத் தரவு எந்த முகவரியில் இருக்கிறது என்று காட்டும் மேப் ஃபைலைத் திறந்ததும் புரிந்தது: இந்தச் சிப்பில் ரேமின் முதல் 64 கேபி டிடிசிஎம் என்ற தனி நினைவகம். அது கோருடன் நேரடியாக இணைந்தது, கேஷ் வழியே போவதே இல்லை. என் அணியில் பெரும்பகுதி அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

தரவை எங்கே வைப்பது என்று சொல்லும் லிங்கர் ஸ்கிரிப்டைத் திருத்தி, கேஷ் வழியே போகும் எஸ்ரேம்1 என்ற ரேம் பகுதிக்கு அணியை மாற்றினேன். நிரை நிரையாகக் கூட்டினால் கேஷ் நன்றாகவே உதவியது. நிரல் வழியே போனால் மட்டும் லாபமே தெரியவில்லை. சரி, தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். கேஷ் 4 கேபி. ரேமிலிருந்து ஒரே தடவையில் எடுக்கும் துண்டுதான் லைன், அதற்கு 32 பைட். ஒரு முகவரியின் லைன் உட்காரக்கூடிய இடங்களின் தொகுப்பு செட், அதற்கு 4 லைன். ஆக 32 செட். என் நிரை 1024 பைட், அதாவது மிகச் சரியாக 32 லைன். அடுத்த நிரைக்குத் தாவும்போதெல்லாம் அதே செட்டில்தான் விழுகிறது! 64 நிரைகளும் நாலே இடத்துக்கு முட்டி மோத, மீதி 31 செட் சும்மா கிடக்கிறது. 4 பைட்டுக்காக 32 பைட்டைக் கொண்டுவந்து, மிச்சத்தைத் தொடும் முன்பே வெளியே தள்ளிவிடுகிறது.

ஒவ்வொரு நிரையின் கடைசியிலும் 8 வெற்று உறுப்புகளைச் சேர்த்தேன். நிரை இப்போது 33 லைன். 64 நிரைகளும் செட்டுக்கு இரண்டாகப் பரவி உட்கார்ந்துவிடும். 16,384 வாசிப்பில் ஏறத்தாழ எல்லாமே ரேமுக்குப் போன இடத்தில், 2,048 லைன் எடுப்பே போதும். எம்7-இல் கேஷ் தவறுகளை எண்ணும் கவுண்டர் கிடையாது, எனவே இது தாள் கணக்குதான். ஆனால் சைக்கிள் கவுண்டர் சடாரென்று இறங்கியதைப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சி பெரிது.

அப்புறம் மின்செலவு. மைக்ரோகன்ட்ரோலரின் மின்னோட்டத்தை அளப்பதற்கென்றே போர்டில் உள்ள ஜம்பரைக் கழற்றி, அங்கே மல்டிமீட்டரைத் தொடராக இணைத்தேன். மின்னோட்டம் சற்று ஏறியிருந்தது! முதலில் மனம் சோர்ந்தது. யோசித்தால் நியாயம்தான்: ரேமுக்காகக் காத்துக் கிடந்த கோர் இப்போது நிற்காமல் வேலை செய்கிறது. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தோடு பெருக்கியதும் மொத்தச் செலவு குறைந்திருப்பது தெரிந்தது. பேட்டரியில் ஓடும் கருவிக்கு நான் பார்ப்பது அந்தப் பெருக்கலைத்தான், மில்லிஆம்பியரை மட்டும் அல்ல.

அடுத்த வாரம் இதே அணியை டிஎம்ஏ (கோரையும் அதன் கேஷையும் தொடாமல் நேராக ரேமில் எழுதும் பகுதி) மூலம் நிரப்பப் போகிறேன். படிப்பதற்கு முன் கேஷில் உள்ள பழைய லைன்களைச் செல்லாததாக்க வேண்டும், அணியும் 32 பைட் எல்லையில் தொடங்க வேண்டும். அதற்கான வரிகளை இன்று எழுதி வைத்துவிட்டேன்.