இருபத்தெட்டு வயதில் அறிமுகப் போட்டி

2024 பாரிஸ் ஒலிம்பிக் குத்துச்சண்டையின் 92 கிலோ எடைப்பிரிவில் கியூப அணியின் தலைவர் ஹூலியோ சேசர் லா குரூஸ் தம் முதல் ஆட்டத்திலேயே தோற்று வெளியேறினார். இரண்டு ஒலிம்பிக் தங்கங்களும் ஐந்து உலகப் பட்டங்களும் வென்ற அவரைத் தோற்கடித்தவர் லோரன் அல்ஃபோன்சோ. அஜர்பைஜானுக்காக ஆடினாலும் அவர் கியூபாவில் பிறந்து, அங்கேயே குத்துச்சண்டை கற்றவர். அதே எடைப்பிரிவில் ஸ்பெயினுக்கு வெண்கலம் வாங்கித் தந்த எம்மானுவேல் ரேயஸும் கியூபாவில் பிறந்தவரே. ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இதுவரை 42 தங்கங்களைக் குவித்த ஒரு சிறு தீவு, தன் வீரர்களை வெளியே அனுப்பாமலேயே உலகமெங்கும் பரப்பியிருக்கிறது. அப்படி நாட்டைவிட்டுப் போனவர்களின் தொழில்முறை வாழ்க்கை, அதாவது பணத்துக்காக மேடையேறும் வாழ்க்கை, எப்படி அமைகிறது என்பது என்னை நெடுநாளாக உறுத்திவரும் கேள்வி.

புரட்சிக்கு முந்தைய கியூபாவில் இந்தக் கேள்விக்கே இடமிருந்திருக்காது. 1931இல் கிட் சாக்லேட்டும், இருபது ஆண்டுகள் கழித்து கிட் கவிலானும் நியூயார்க்கின் மேடைகளில் உலகப் பட்டங்களோடு வலம்வந்தவர்கள். 1962இல் ஃபிடல் காஸ்ட்ரோவின் அரசு தொழில்முறை விளையாட்டைத் தடை செய்தது. அதன்பின் மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற தெயோஃபிலோ ஸ்டீவன்சன், முகமது அலியோடு மோதுவதற்காக நீட்டப்பட்ட பெருந்தொகையை மறுத்து நாட்டிலேயே இருந்துவிட்டார். அவரைப் போலவே மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற ஃபெலிக்ஸ் சவோனும் அதே வழியில் நின்றார். இவர்களின் உறுதியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்து, கியூபாவில் உணவுக்கே தட்டுப்பாடு வந்த பிறகு, அடுத்த தலைமுறையிடம் அதே தியாகத்தை எதிர்பார்ப்பது நியாயமாக இருக்கவில்லை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹோயல் கசமயோர் 1996இல், அட்லாண்டா ஒலிம்பிக் தொடங்கவிருந்த வேளையில், அணியிலிருந்து விலகி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். நான்கே ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றார்.

கசமயோரைப் பார்த்து, தங்கப் பதக்கத்தோடு வருகிற கியூபர் எவரும் பட்டம் வென்றுவிடுவார் என்று முடிவுகட்டினால் ஏமாந்துபோவோம். 2004 ஏதென்ஸில் தங்கம் வென்ற மூவர், யூரியோர்கிஸ் கம்போவா, ஓட்லானியர் சோலிஸ், யான் பார்தெலெமி, 2006 இறுதியில் வெனிசுவேலாவில் பயிற்சியிலிருந்தபோது ஒன்றாகத் தப்பி, ஜெர்மனியைச் சேர்ந்த ஒரே புரொமோட்டரிடம் (போட்டி ஏற்பாட்டாளரிடம்) சேர்ந்தார்கள். கம்போவா உலகப் பட்டம் வென்றார். சோலிஸுக்கு 2011இல் அப்போதைய ஹெவிவெயிட் உலகச் சாம்பியன் விட்டாலி கிளிச்கோவோடு மோதும் வாய்ப்பு வந்தது; முழங்கால் காயத்தால் அது முதல் சுற்றிலேயே முடிந்தது. பார்தெலெமி எந்த உலகப் பட்டத்தையும் தொடவில்லை. ஒரே பள்ளியில் பயின்று, ஒரே ஒலிம்பிக்கில் வென்று, ஒரே நாளில் கிளம்பியவர்கள்.

இவர்கள் எல்லோரையும்விட என்னை அதிகம் யோசிக்க வைப்பவர் கில்லர்மோ ரிகொண்டோ. சாந்தியாகோ தே கூபாவில் பிறந்து, சிட்னியிலும் ஏதென்ஸிலும் தங்கம் வென்றவர். 2007இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த பான் அமெரிக்கப் போட்டியின்போது எரிஸ்லாண்டி லாராவோடு சேர்ந்து அணியிலிருந்து காணாமல்போனார். சில நாட்களில் பிரேசில் காவல்துறையிடம் சிக்கி இருவரும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பிறகு கியூபாவில் அவர்கள் ஆடவே அனுமதிக்கப்படவில்லை. உடல் உச்சத்திலிருந்த ஆண்டுகளைச் சும்மா கழித்துவிட்டு, 2009இல் இரண்டாம் முறை தப்பி, தம் 28ஆம் வயதில்தான் ரிகொண்டோ தொழில்முறை அறிமுகப் போட்டியில் இறங்கினார்.

2013 ஏப்ரல் 13 இரவு நியூயார்க்கின் ரேடியோ சிட்டி அரங்கில், நமக்கு அது சித்திரை முதல் நாள் காலை, அவர் அப்போதைய நட்சத்திரமான நோனிட்டோ டோனைரைப் புள்ளிகளில் வென்றார். பத்தாம் சுற்றில் ரிகொண்டோ ஒருமுறை விழுந்தெழுந்ததைத் தவிர்த்தால், டோனைர் அவரை எங்கும் சரியாகத் தொடவே இல்லை. அந்தப் போட்டியின் பதிவை முதன்முறை பார்த்தபோது எனக்கும் அலுப்புத் தட்டியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மூன்றாம் முறை, அவருடைய பாதங்களை மட்டும் கவனித்துப் பார்த்தபோதுதான், எதிராளி குத்துவதற்கு அரைக் கணம் முன்பே அவர் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவது கண்ணில் பட்டது. ஆனால் காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கியவர் மூன்று முறை பார்ப்பதில்லை. அன்று வென்றவர்தான் அதன்பின் சந்தையில் விலைபோகாத சரக்கானார். பெரிய போட்டிகள் அவரைத் தேடி வரவில்லை.

கியூபாவில் குத்துச்சண்டை என்பது மூன்று சுற்றுகளுக்குள் அடிவாங்காமல் அடித்துப் புள்ளி சேர்க்கும் கலை. தொழில்முறையில் பன்னிரண்டு சுற்று ஆட வேண்டும் என்பதைப் பயிற்சியால் ஈடுகட்டிவிடலாம். அடிவாங்கவும் தயாராக இருந்தால்தான் கூட்டம் சேரும் என்பதை எந்தப் பயிற்சியாளர் கற்றுத்தருவார்? மெக்சிகோ வீரருக்கும் புவேர்ட்டோ ரிக்கோ வீரருக்கும் அரங்கை நிரப்பச் சொந்த மக்கள் கொடியோடு வருவார்கள். கியூபருக்குத் தாய்நாட்டில் அவருடைய போட்டி ஒளிபரப்பாவதே அரிது. மயாமியில் வாழும் கியூபர்களோ மெக்சிகோக்காரர்களைப் போலக் குத்துச்சண்டைக்குத் திரள்பவர்கள் அல்லர்.

2017இல் ரிகொண்டோ தம் 37ஆம் வயதில், இரண்டு எடைப்பிரிவுகள் மேலேறி, அவரைப் போலவே இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற உக்ரேனியரான வாசில் லொமசென்கோவோடு மோதினார். ஆறு சுற்றுக்குப் பின் கைக்காயம் என்று சொல்லி நாற்காலியிலிருந்து எழ மறுத்தார். லொமசென்கோ 25 வயதில் தொழில்முறைக்கு வந்து, மூன்றாவது போட்டியிலேயே உலகப் பட்டம் வென்றவர். அவர் யாருக்கும் தெரியாமல் நாட்டைவிட்டு ஓடத் தேவையிருக்கவில்லை.

அதனால்தான் பதக்கத்தைவிட, புறப்பட்ட வயதே பெரிது என்று நினைக்கிறேன். ஒலிம்பிக்கையே காணாத கியூபரான டேவிட் மொரெல் 21 வயதில் தொழில்முறைக்கு வந்தார். மினியாபொலிஸ் நகரில் அவரைத் தொடர்ந்து ஆடவைத்து, அந்த ஊர் மக்களையே அவருடைய ரசிகர்களாக்கினார்கள். 2025இல் அமெரிக்க வீரர் டேவிட் பெனவிதெஸிடம் தோற்றபோதும் அவருடைய சந்தை மதிப்பு சரிந்துவிடவில்லை. மறுபக்கம், லண்டனிலும் ரியோவிலும் தங்கம் வென்ற ரொபெய்ஸி ராமிரெஸ் 2019இல் தம் அறிமுகப் போட்டியிலேயே கீழே விழுந்து தோற்றார். பிறகு லாஸ் வேகாஸில் கியூபப் பயிற்சியாளர் இஸ்மாயேல் சாலஸிடம் போய்த் தம் ஆட்டத்தைத் திருத்திக்கொண்டு 2023இல் உலகப் பட்டம் வென்றார்; அதே ஆண்டு இறுதியில் அதை இழந்தார்.

2022இல் கியூப அரசே கதவைச் சற்றுத் திறந்தது. ஒரு மெக்சிகோ நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, அந்த மே மாதம் அகுவாஸ்காலியெண்டஸ் நகரில் தன் வீரர்களைத் தொழில்முறை மேடையேற்றியது. லா குரூஸ் உள்ளிட்ட ஆறு பேரும் வென்றார்கள். வருமானத்தில் 80 விழுக்காடு வீரருக்கு என்று அறிவித்தார்கள். அது வரவேற்க வேண்டிய மாற்றமே. ஆனால் அமெரிக்கப் பொருளாதாரத் தடை நீடிக்கும்வரை, கியூபக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பின் பெயரால் ஒருவர் லாஸ் வேகாஸில் ஆடிப் பெரும்பணம் ஈட்டுவது நடக்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை. கூட்டமைப்பின் பிடி தளரவும் இல்லை. டோக்கியோவில் தங்கம் வென்ற ஆண்டி குரூஸ் அந்த ஆறு பேரில் இல்லை. அதே ஆண்டு நாட்டைவிட்டு வெளியேற முயன்று பிடிபட்டு, அணியிலிருந்து நீக்கப்பட்டு, கடைசியில் வெளியேறி, 2023இல் டெட்ராய்டில் தம் 27ஆம் வயதில் முதல் தொழில்முறைப் போட்டியை ஆடினார். அகுவாஸ்காலியெண்டஸில் வென்ற யோயன்லி எர்னாண்டஸும் இப்போது அமெரிக்காவில்தான் ஆடுகிறார்.

பாரிஸில் கியூபாவுக்குக் கிடைத்த ஒரே குத்துச்சண்டைத் தங்கத்தை வென்றவர் எரிஸ்லாண்டி ஆல்வாரஸ். அப்போது அவருக்கு வயது 24. ரிகொண்டோ ஏதென்ஸில் தம் இரண்டாவது தங்கத்தைக் கழுத்தில் அணிந்தபோது அவருக்கு வயது 23.