சிந்துதலுக்கு ஒரு பாடவேளை

நம் தமிழாசிரியர் மறைந்த செய்தி வந்ததிலிருந்து, அவர் நடத்திய ஒரு பாடவேளையே மனத்தை நிறைத்திருக்கிறது. மதிய உணவுக்குப் பிந்திய அந்த வேளை எப்படி இருக்கும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முன்வரிசையில் ஒருவனுடைய மைப்புட்டி சாய்ந்துவிட்டது. யாரென்று கேட்டதும் அவன் எழுந்து, "மை சிந்திவிட்டது, ஐயா" என்றான். அடி விழுமென்று காத்திருந்தோம். ஐயா சுண்ணக்கட்டியை எடுத்து 'மை சிந்தியது', 'மையைச் சிந்தினான்' என இரண்டு வரிகள் எழுதினார். கவிழ்ந்தது, கவிழ்த்தான் என்னும்போது வினையே செய்தவனைக் காட்டிவிடுகிறது. சிந்துதலிலோ தன்வினைக்கும் பிறவினைக்கும் வடிவம் ஒன்றுதான் என்று விளக்கினார். பிறகு வெறுமையான புட்டியைத் தூக்கிக் காட்டி, "இது சிந்தியதா, கொட்டியதா?" என்று கேட்டார்.

அங்கிருந்து விரிந்தது பாடம். கொஞ்சம் விளிம்பு தப்பி விழுந்தால் சிந்துதல், கலத்தில் இருந்தது மொத்தமாகப் போனால் கொட்டுதல், நிறைந்து மேலேறிப் போனால் வழிதல், விளிம்பில் அசைந்தும் விழாமல் நின்றால் தளும்பல், ஓட்டை வழியே போனால் ஒழுகுதல், மணிகள் நாலாபுறமும் ஓடினால் சிதறுதல். கண்ணீரும் வியர்வையும் குருதியும் துளித்துளியாகப் போவதால் அவற்றைச் சிந்துகிறோம். அடக்கமாட்டாமல் பெருகும்போது அதே கண்ணீர் கொட்டுகிறது. கொட்டிவிட்டான் என்றால் கைதவறல், கொட்டிக்கொண்டான் என்றால் தன்மேலேயே, கொட்டித் தொலைத்தான் என்றால் பார்த்தவரின் எரிச்சல் என்று துணைவினைகளையும் அவர் விடவில்லை. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா என்ற பழமொழியில் ஏன் 'சிந்தினால்' என்று வரவில்லை என அவர் கேட்ட கேள்வி எனக்கு இன்றும் பிடித்தமானது. வாய்விட்ட பேச்சில் கொஞ்சம் என்று ஒன்றில்லை என்பது அவர் சொன்ன விடை.

அப்போதுதான் மேற்பார்வைக்கு வந்திருந்த அதிகாரி உள்ளே நுழைந்து, பாடக்குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு, ஒரு சொல்லுக்கு ஒரு பாடவேளையா என்று எங்கள் எதிரிலேயே கடிந்துகொண்டார். ஐயா மறுத்துப் பேசவில்லை. பலகையைத் துடைத்துவிட்டு, எடுக்க வேண்டிய செய்யுளைத் தொடங்கினார். அந்தத் துடைப்பு எங்கள் எல்லோர் மேலும் விழுந்த அவமானம்.

மறுநாள் வந்ததும், விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார். சிந்துதலுக்கு மூத்த சொல் ஒன்று உண்டு என்று சொல்லி, குறளின் 720ஆம் பாட்டை எழுதினார்:

அங்கணத்துள் உக்க அமிழ்தற்றால் தங்கணத்தர்
அல்லார்முன் கோட்டி கொளல்.

புகு என்பது புக்க என்றாவதுபோல் உகு என்பது உக்க என்றாகும். தானே சிந்தினால் உக்கது, ஒருவர் சிந்தினால் உகுத்தது. சிந்துதலில் காணாத வேறுபாட்டை உகுதல் காத்து வைத்திருக்கிறது. இன்றும் 'கண்ணீர் உகுத்தார்' என்று எழுதுகிறோம். தூய்மையற்ற முற்றத்தில் சிந்திய அமிழ்து எதற்கு உவமை என்பதை மட்டும் அவர் விளக்காமல், நாங்களே கண்டுகொள்ள விட்டுவிட்டார்.

மதிப்பெண்ணுக்காகத் தமிழ் படித்து, கடல் கடந்து, வேறு மொழியில் உழைத்துப் பிழைக்கும் நாம் அவருக்கு எந்த முற்றமாக இருந்தோம் என்று இப்போது எண்ணுகிறேன். என் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாலும் கொட்டுகிறது, தண்ணீரும் கொட்டுகிறது, அரிசியும் கொட்டுகிறது. வேறு சொல் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. அவர் உயிரோடிருந்தபோது இதை அவருக்கு எழுதியிருந்தால், ஐந்தாறு பக்கத்துக்குப் பதில் வந்திருக்கும்.

அவருடைய பலகை எடுத்துக்காட்டுகளைக் குறித்து வைத்திருக்கும் தோழர்கள் அவற்றைப் படியெடுத்துச் சங்கத்துக்கு அனுப்ப வேண்டுகிறேன். என்னிடம் இந்த ஒரு வரிசைதான் முழுமையாக இருக்கிறது.