மச்சான் கொடுத்த காற்றுச் சுழலி

மச்சான் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கி வந்த சாமான் அது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகர வளையம், உள்ளே மீன் செதில் மாதிரி வளைந்த எட்டு இறக்கைகள். "மாப்பிள்ளை, ஏர் ஃபில்டர் குழாய்க்குள்ள இதைச் சொருகுங்க. காத்து சுத்திக்கிட்டே உள்ள போகும், பெட்ரோல் எண்ணெய் மிச்சமாகும்" என்றார். விலை 60 மலேசிய வெள்ளியாம். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் மறுக்கவும் முடியவில்லை.

நான் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலையில் லோரி எடை போடும் கிராணி. குலையோடு வரும் லோரியை ஒரு தடவை, காலியாகப் போகும்போது ஒரு தடவை நிறுத்து எழுதுவதுதான் பிழைப்பு. எதையும் எழுதிப் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும்.

பட்டறைப் பையன் அதை என் பழைய மைவி காரில் பொருத்திக் கொடுத்தான். மறுநாள் காலை தோட்டத்து மேட்டில் கார் முனகாமல் ஏறியது. வீட்டுக்காரியிடம் "உங்க அண்ணன் சொன்னது சரிதான்" என்று நானே ஒப்புக்கொண்டேன்.

ஆனால் நோட்டுப் புத்தகம் வேறு கதை சொன்னது. ஒரே பம்ப், ஒவ்வொரு முறையும் டேங்க் நிறைய அடித்து, கிலோமீட்டரைக் குறித்து வந்தேன். பொருத்துவதற்கு முன் மூன்று டேங்க்: லிட்டருக்கு 14.1, 13.6, 14.3. பொருத்திய பின்: 13.9, 14.2, 13.7. மழை வாரத்துக்கும் வெயில் வாரத்துக்கும் இதைவிடப் பெரிய வித்தியாசம் வரும்.

அப்படியானால் மேட்டில் ஏறிய அந்தச் சுறுசுறுப்பு எங்கிருந்து வந்தது? பட்டறை பில்லைத் தேடி எடுத்தேன். கடைசி வரியில் "ஏர் ஃபில்டர் 1 – 18 வெள்ளி". பழையது செம்மண் அடைத்துக் கிடந்ததாம். பையன் கேட்காமலேயே மாற்றியிருக்கிறான்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009-இல் சோதித்தபோது, எண்ணெயை இன்ஜெக்டரில் அடிக்கும் புதுக் கார்களில் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் வேகம் எடுப்பதுதான் மந்தமாகிறது, எண்ணெய்ச் செலவு கூடுவதில்லை என்று கண்டது. ஃபில்டரே அடைத்தும் எண்ணெய்க் கணக்கு மாறவில்லை என்றால், காற்றைக் கொஞ்சம் சுழற்றிவிட்டால் மட்டும் எப்படி மாறும்?

காரணம் எளிது. சாதாரணமாக ஓட்டும்போது த்ரோட்டில் தட்டு பாதிக்கு மேல் மூடியே இருக்கும். காற்றை மறிப்பதுதான் அதன் வேலை. வழி சற்று மாறினால் மிதியைக் கொஞ்சம் கூட அழுத்துவோம், அவ்வளவுதான். உள்ளே வந்த காற்றுக்கு ஏற்பத்தான் கம்ப்யூட்டர் எண்ணெய் அடிக்கிறது: 1 கிலோ பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 கிலோ காற்று. அப்புறம் அந்தச் சுழல்? தட்டில் மோதியதும் கலைந்துவிடும். என் காரில் இன்ஜெக்டர் இருப்பதோ அதற்கும் அப்பால், வால்வுப் பக்கத்தில்.

காற்றைச் சீராக்குவதே வீண் என்று சொல்லவில்லை. பந்தயக் கார் இன்ஜினில் குழாய் வாயைப் புனல் போல வளைத்து வைப்பார்கள். வெட்டிய குழாய் வாயில் காற்று நுழையும்போது படும் இழப்பை 0.5 என்று கணக்கு வைத்தால், நன்றாக வளைந்த வாயில் அது 0.05-க்குக் கீழே போய்விடும். மிதியை முழுசாக அமுக்கி ஓட்டுகிறவனுக்கு அது பலம். ஆலைக்கும் வீட்டுக்கும் 7 கிலோமீட்டர் ஓட்டும் எனக்கு என்ன?

சரி, வாதத்துக்காக 3 விழுக்காடு மிச்சமாகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது ரோன்95 பெட்ரோல் லிட்டர் 2 வெள்ளி 5 காசு. 60 வெள்ளிக்கு 29 லிட்டருக்கு மேல் கிடைக்கும். அதை மீட்க 13,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும்.

போன மாதம் குழாயைக் கழற்றினேன். ஒரு இறக்கையின் ரிவெட் தளர்ந்து, விரல் பட்டதும் ஆடியது. ஃபில்டரைத் தாண்டி வைத்த சாமான். கழன்றால் நேரே த்ரோட்டிலுக்குத்தான் போகும். அன்றோடு எடுத்துவிட்டேன்.

மச்சானிடம் நோட்டைக் காட்டினேன். "ஏர்கான் போட்டு ஓட்டியிருப்பீங்க மாப்பிள்ளை" என்றார். அவர் காரிலும் ஒன்று இருக்கிறது. ரிவெட்டையாவது பார்த்துவிடுங்கள் என்று மூன்று முறை சொல்லியாயிற்று. வரும் ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறாராம்.