கெண்டைக்கால் 48, கரண்டை 26: ஒரு ஜோடி சாக்ஸுக்கு மூன்று மாதம்

என் பீரோவில் கால் வீக்கத்துக்குப் போடுகிற அழுத்த சாக்ஸ் மூன்று ஜோடி கிடக்கின்றன. மூன்றும் சேர்ந்து 5,300 ரூபாய். ஒன்றைக்கூட நான் போடுவதில்லை. நாலாவது ஜோடிதான் இப்போது காலில் இருக்கிறது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் தையல்காரி. 22 வருஷமாக மேலூரில் ஜாக்கெட் தைக்கிறேன். எத்தனையோ பேருடைய அளவு என் நோட்டில் இருக்கிறது. என் கால் அளவு மட்டும் அதில் ஏற மூன்று மாதம் ஆனது.

வெட்டு மேஜை முன்னால் நின்றே காலம் போய்விட்டது. சாயங்காலமானால் இரண்டு காலும் கனத்து, முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். கெண்டைக்காலில் பச்சை பச்சையாகப் புடைத்து நெளிந்திருந்தது. நாம் 'நரம்பு சுருட்டல்' என்கிறோம். டாக்டர் சிரித்துக்கொண்டே, "நரம்பு இல்லம்மா, ரத்தக்குழாய். உள்ள இருக்கிற வால்வு சரியா மூடல, ரத்தம் கீழேயே தங்குது" என்றார்.

மதுரையில் அவரைப் பார்த்தது, காலில் ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தது எல்லாம் ஒரே நாளில் சுலபமாக முடிந்தது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சாக்ஸ் எழுதுவதற்கு முன்னால் அவர் என் புறங்காலில் நாடி பிடித்துப் பார்த்தார். கையிலும் கரண்டையிலும் பிரஷர் எடுத்து ஒப்பிட்டார். காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு இருப்பவர்கள் இறுக்கமான சாக்ஸ் போட்டால் கால் கெட்டுப்போகும். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு இறுக்குவதே தெரியாது. அதனால் பக்கத்து வீட்டு அக்கா போடுகிறாரே என்று நீங்களாகப் போய் வாங்காதீர்கள். ஒரே கால் திடீரென வீங்கி வலித்தால் அது சாக்ஸ் விஷயமே இல்லை. உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சீட்டில் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: கிளாஸ் 2, முழங்காலுக்குக் கீழ், 23–32. கிளாஸ் என்பது அழுத்தத்தின் தரம்; அந்த எண், சாக்ஸ் கரண்டையில் எவ்வளவு அழுத்தும் என்பது, பிரஷர் பார்க்கிற அதே mmHg கணக்கில். அளவு எதுவும் இல்லை. "அளவு கடையில எடுப்பாங்கம்மா" என்றார். அங்கே ஆரம்பித்தது என் அலைச்சல்.

முதல் ஜோடி, ஊரிலேயே ஒரு மருந்துக் கடையில். சீட்டைப் பார்த்தார், உள்ளே போனார், வெள்ளை நிறத்தில் ஒரு ஜோடி கொண்டுவந்தார். விரல் பக்கம் சின்ன ஓட்டை இருந்தது. 750 ரூபாய். விலை குறைவு என்று சந்தோஷமாக வாங்கி வந்தேன். பத்து நாள் போட்டும் சாயங்கால வீக்கம் அப்படியே இருந்தது. மறுபடி காட்டப் போனபோது டாக்டர் பார்த்தவுடனே தலையில் கை வைத்தார். அது ஆபரேஷன் முடிந்து படுக்கையில் இருப்பவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்கப் போடுவதாம். கரண்டையில் அதன் அழுத்தம் 18 அளவில்தான். படுத்திருப்பவருக்கு அது போதும், நாளெல்லாம் நிற்கிற எனக்குப் போதாது. உங்களுக்கும் வெள்ளையாக, விரல் பக்கம் ஓட்டை வைத்ததைக் கொடுத்தால் சீட்டை நீட்டி இன்னொரு தடவை கேளுங்கள்.

இரண்டாவது ஜோடிக்குத்தான் எனக்கு இன்னும் ஆற்றாமை. மதுரையில் பெரியாஸ்பத்திரிப் பக்கம் ஒரு சர்ஜிகல் கடை. சரியான கிளாஸ் இருந்தது. கடைத் தம்பி என்னை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்துவிட்டு, "உங்க உடம்புக்கு எக்ஸ்எல் சரியா இருக்கும்க்கா" என்றார். உடம்புக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்? இடுப்பு நாற்பத்தைந்து அங்குலம் இருக்கிற வாடிக்கையாளருக்குக் கால் குச்சியாக இருப்பதைத் தினமும் பார்க்கிறவள் நான். "டேப் இருக்கா தம்பி?" என்றேன். இல்லை. என் கைப்பையில் எப்போதும் ஒன்று இருக்கும், எடுத்தேன். அப்புறம்தான் சுற்றிலும் பார்த்தேன். முன்னால் ஒரே பெஞ்ச். அதில் இடுப்பு பெல்ட் வாங்க வந்த ஒரு பெரியவரும் அவர் மகனும். உள்ளே அறை கிடையாது. வாக்கரும் வீல் சேரும் அடுக்கிய சந்துதான். முழங்கால் வரை சேலையைத் தூக்க அங்கே எங்கே இடம்? 22 வருஷம் அளவு எடுத்தவள், டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, 2,650 ரூபாய் கொடுத்து எக்ஸ்எல் வாங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் அட்டவணையே போட்டிருக்கிறது. எக்ஸ்எல் கெண்டைக்கால் 40 முதல் 44 செ.மீ. வரை. என்னுடையது 48.

மறுநாள் போட்டேன். கரண்டையில் பாந்தமாக உட்கார்ந்தது. மேலே முழங்காலுக்குக் கீழே நூல் கட்டி இழுத்த மாதிரி. நான் குள்ளம் வேறு, நீளம் மிஞ்சி முழங்கால் மடிப்பில் வந்து நின்றது. புத்திசாலித்தனமாக மேல் ஓரத்தை இரண்டு விரற்கடை மடித்துவிட்டேன். பாவாடைக்குக் கீழ்மடிப்பு அடிக்கிற பழக்கம்! மத்தியானத்துக்குள் விரல்கள் மரத்துப்போயின. கழற்றினால் முழங்காலுக்குக் கீழே ஊதா நிறத்தில் ஒரு பள்ளம், சுற்றிலும். மடித்தால் அந்த இடத்தில் துணி இரண்டு அடுக்காகிறது, இறுக்கமும் இரட்டிப்பாகிறது. ரத்தம் மேலே ஏறவேண்டிய வழியில் நாமே கயிறு கட்டுவதுபோல. எந்தக் காரணத்துக்கும் மேல் ஓரத்தை மடிக்காதீர்கள், தானாகச் சுருண்டு இறங்கினாலும் விடாதீர்கள். விரல் மரத்தாலோ நீலம் பாரித்தாலோ உடனே கழற்ற வேண்டும்.

மாற்றித் தரக் கேட்டு மறுபடியும் மேலூரிலிருந்து மாட்டுத்தாவணி, அங்கிருந்து இன்னொரு பஸ். "பெட்டி பிரிச்சா எடுக்க மாட்டோம்க்கா, உடம்புல போடற அயிட்டம்." பில்லின் அடியில் பொடி எழுத்தில் அதுவே அச்சாகியும் இருந்தது. ஒரு நாள் கடையை மூடிவிட்டுப் போனது, பஸ் காசு, எல்லாம் போச்சு.

கோபத்தில் மூன்றாவது ஜோடியை இணையத்தில் வாங்கினேன். டபுள் எக்ஸ்எல், 1,900 ரூபாய், 'எக்ஸ்ட்ரா ஃபர்ம்' என்று பெரிதாகப் போட்டிருந்தது. எத்தனை என்ற எண் பெட்டியில் எங்கேயும் இல்லை. கெண்டைக்காலில் சுகமாக ஏறியது. கரண்டையில் பார்த்தால் சேலைக்குக் கொசுவம் வைத்ததுபோல மடிந்து மடிந்து நிற்கிறது. சாயங்காலம் பாதமும் கரண்டையும்தான் வீங்கியிருந்தன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நெஞ்சளவை மட்டும் பார்த்து ரெடிமேட் ஜாக்கெட் எடுத்தால் தோள் வழியும், கைக்குழி தொங்கும். நானே எத்தனை பேருக்கு அதைப் பிரித்து அடித்துக் கொடுத்திருக்கிறேன்! பருத்த காலுக்கும் இதே சிக்கல்தான். கெண்டைக்கால் பெருத்த அளவுக்குக் கரண்டை பெருப்பதில்லை. கெண்டைக்காலைப் பார்த்தால் ஒரு சைஸ், கரண்டையைப் பார்த்தால் வேறு சைஸ். இந்த சாக்ஸ் கரண்டையில்தான் அதிகம் அழுத்த வேண்டும், மேலே போகப் போகக் குறைய வேண்டும். அப்படி இருந்தால்தான் ரத்தத்தை மேலே தள்ளும். பெட்டியில் 23–32 என்று போட்டிருப்பதும் அட்டவணையில் உள்ள கரண்டை அளவுக்குத்தான். கரண்டை தொளதொளவென்றிருந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

டாக்டரின் நர்ஸம்மாதான் கடைசியில் வழி காட்டினார். பெண் ஒருவர் உள்ளறையில் அளவெடுக்கும் கடை மதுரையில் இருக்கிறது, முதலில் போன் போடுங்கள் என்றார். போட்டேன். இந்தத் தடவை கேள்வி நான் கேட்டேன். அளவெடுக்க மறைவான அறை உண்டா? கெண்டைக்கால் 45 செ.மீ.க்கு மேல் உள்ளவர்களுக்கு மாடல் உண்டா? பொருந்தாவிட்டால் மாற்றித் தருவீர்களா? கிளாஸ் 2 என்றால் உங்களிடம் எத்தனை முதல் எத்தனை வரை? கடைசிக் கேள்வி முக்கியம். ஜெர்மன் கணக்கில் கிளாஸ் 2 என்றால் 23–32. பிரிட்டிஷ் கணக்கில் அதே கிளாஸ் 2 வெறும் 18–24. அமெரிக்கக் கணக்கில் வருவதில் 20–30 என்று எண் மட்டும் இருக்கும். கிளாஸை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள்.

கடையில் அளவெடுக்கும் அந்தம்மா போனிலேயே இன்னொன்று சொன்னார். காலையில் எழுந்து காலைத் தரையில் ஊன்றி நடமாடுவதற்கு முன்னால் எடுக்கிற அளவுதான் சரி. மேலூரிலிருந்து பஸ்ஸில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு பத்து மணிக்கு வந்து நின்றால் கால் வீங்கிவிடும், வீங்கின காலுக்கு எடுத்த அளவில் சாக்ஸ் லூஸாகத்தான் வரும். வீட்டிலேயே எடுத்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார்.

காலை ஐந்தரை. கட்டிலில் நான் உட்கார்ந்திருக்கிறேன், வீட்டுக்காரர் தரையில் கண்ணாடி போட்டுக்கொண்டு டேப்போடு. "பத்தொன்பது" என்கிறார். அங்குலப் பக்கத்தைப் பார்க்கிறார்! அட்டவணை முழுக்க சென்டிமீட்டரில். டேப்பைத் திருப்பச் சொல்லி மறுபடி எடுத்தோம். கரண்டை மொட்டுக்கு மேலே, கால் மிக ஒல்லியாக இருக்கிற இடத்தில் ஒரு சுற்று. கெண்டைக்காலின் பருத்த இடத்தில் ஒரு சுற்று. அப்புறம் தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை நீளம். டேப் தோலில் ஒட்டி நிற்க வேண்டும், சதையை இறுக்கக் கூடாது. இரண்டு காலையும் தனித்தனியே எடுக்க வேண்டும். எனக்கு இடது கெண்டைக்கால் 48, வலது 46.5. கரண்டை 26, 25.5. நீளம் 37.

கடையில் போன வேகத்தில் வேலை முடிந்தது. அந்தம்மா உள்ளறையில் ஒரு தடவை சரிபார்த்தார். கரண்டைக்கு லார்ஜ், கெண்டைக்கால் அந்த வரிசையைத் தாண்டுகிறது என்று சொல்லிவிட்டு, அதே கரண்டைக்குக் கெண்டைக்காலை மட்டும் அகலமாகப் பின்னிய மாடல் உண்டு என்றார். 'வைட் காஃப்' என்று கேட்க வேண்டுமாம். அதிலேயே குட்டை நீளமும் உண்டு. இந்தப் பெயரை முதல் கடையிலேயே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா!

அதற்கும் அடங்காத காலுக்கு என்ன செய்வார்கள் என்று கேட்டேன். கால் அளவுக்கென்றே பின்னித் தருவதைக் காட்டினார். பக்கத்தில் யானைக்கால் வீக்கத்தோடு ஒரு அம்மா காத்திருந்தார், அவருக்காக வந்தது அது. துணி தடிமனாக, தட்டையாகப் பின்னி, பின்பக்கம் ஒரே நேர்த்தையலில் சேர்த்திருந்தார்கள். சாதாரண சாக்ஸ் தையலில்லாமல் குழாய்போலப் பின்னி வருவதால் மடிப்பு விழுந்த காலில் மடிப்புக்குள் புகுந்து அறுக்குமாம். இது விறைப்பாக நிற்பதால் புகாது. நான் அந்தத் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு நூல் பிசகில்லை.

என்னுடையது ஆர்டர் போட்டு ஒன்பது நாளில் வந்தது. 3,900 ரூபாய். அங்கேயே போட்டு, நடக்கவிட்டு, உட்காரவிட்டு, மேல் ஓரம் முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழே நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் பில் போட்டார்.

போடுவது தனி வித்தை. முதல் நாள் இருபது நிமிஷம் ஆகி, வியர்த்துப்போய் அழாத குறை. கொலுசு போட்டுக்கொண்டு போடவே முடியாது. உள்ளே மாட்டினால் தோலில் பதியும், வெளியே போட்டால் துணியைக் கிழிக்கும். கழற்றிவிட்டேன். மாமியார் இரண்டு நாள் பேசவில்லை, பிறகு சரியாகிவிட்டது. மெட்டியைக் கழற்ற மனசில்லை, அது இழையில் மாட்டி இழுத்தது. அதற்கு அந்தம்மா சொன்ன வழி: விரல் திறந்த மாடல் என்பதால், பாதத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு அதன் மேல் சாக்ஸை ஏற்ற வேண்டும். மெட்டியும் மாட்டாது, துணியும் வழுக்கிக்கொண்டு ஏறும். ஏறினபின் விரல் வழியாகப் பையை உருவிவிடலாம். சாக்ஸைக் குதிகால் வரை உள்வெளியாகத் திருப்பிக்கொண்டு, குதிகால் சரியாக உட்கார்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே தேய்த்து ஏற்றுங்கள். மேல் ஓரத்தைப் பிடித்து இழுக்கவே கூடாது. பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் பிடி வழுக்காது, நகமும் படாது. தேங்காய் எண்ணெய் தடவுவதெல்லாம் ராத்திரி கழற்றின பிறகுதான். இப்போது இரண்டு காலுக்கும் சேர்த்து ஐந்து நிமிஷம்.

தினமும் அலசிப் பிழியாமல் துண்டில் சுருட்டி ஒற்றி, நிழலில் போடுகிறேன். ஆறு மாதத்தில் இழுவை போய்விடுமாம், மாற்ற வேண்டும். சித்திரை வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு மெஷினில் உட்காருவது கொடுமை என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் சாயங்காலம் விரலால் அழுத்திப் பார்த்தால் முன்போல் குழி விழுவதில்லை.

அந்த எக்ஸ்எல் ஜோடியை நாத்தனார் கேட்கிறார். அவர் கெண்டைக்கால் 42, நானே அளந்தேன், நோட்டிலும் எழுதிவிட்டேன். இருந்தாலும் இன்னும் கொடுக்கவில்லை. முதலில் டாக்டரிடம் போய்க் காலில் நாடி பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் போகிறேன் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.